இங்கே வா, அங்கே நில்

விடியுமுன்னே தப்புச் சத்தம். பெரட்டுக் களத்தில் ஆணும் பெண்ணுமாய் நிற்கிறார்கள். கணக்கப்பிள்ளை பேர் எழுதுகிறார். கங்காணி தலைகளை எண்ணுகிறார். நடுவில், ஸ்கொட்லாந்திலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய சின்னத் துரை, இருபது வயதுப் பையன். அவனுக்குத் தமிழ் தெரியாது. எதிரே நிற்பவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. கோப்பி அழிந்து தேயிலை தழைத்த காலத்தில் ஊவா மலைகளில் இப்படி எத்தனையோ காலைகள் விடிந்திருக்கும்.

அந்தப் பையனைக் காப்பாற்ற ஒரு சிறு புத்தகம் இருந்தது. கொழும்பின் பத்திரிகைக் குடும்பமான ஃபெர்குசன் வீட்டைச் சேர்ந்த ஏ. எம். ஃபெர்குசன் இளையவர் தொகுத்தது. துணைத் தலைப்பு, 'சின்னத் துரையின் சட்டைப்பைத் தமிழ் வழிகாட்டி'. தலைப்போ இரண்டே சொல்: 'இங்கே வா'. பிறகு 1915இல் வெல்ஸ் என்பவர் 'கூலித் தமிழ்' என்று பெயரிட்டே இன்னொன்றை வெளியிட்டார். துரைமாருக்குத் தமிழில் கவிதை வேண்டியிருக்கவில்லை. கட்டளை மட்டும் போதுமாயிருந்தது.

ஃபெர்குசனின் தலைப்பைச் சற்று உற்றுப் பாருங்கள். ஆங்கிலத்தில் 'வா' முதலில் வரும், 'இங்கே' பின்னால் வரும். தமிழில் இடம் முதலில், வினை கடைசியில். சிங்களத்திலும் 'மெஹெ என்ன' என்று அதே வரிசைதான். ஊவாவின் பதுளையில் இந்த இரண்டில் எந்த மொழியில் கூப்பிட்டாலும் இடத்தைச் சொல்லிவிட்டுத்தான் வேலையைச் சொல்ல வேண்டும். பொருளை முதலில் சொல்வதா, வினையை முதலில் சொல்வதா என்ற இந்தச் சின்னக் கேள்விதான் இந்தக் கட்டுரையின் நாயகன். தோட்டத்திலிருந்து புறப்பட்டு, தந்திக் கம்பி, தண்டவாளம், தட்டச்சு இயந்திரம் என்று அலைந்து, கடைசியில் கணினியின் கறுப்புத் திரையில் போய் உட்கார்ந்தான்.

கறுப்புத் திரை என்றது வழுநீக்கியை. நிரல் எழுதுகிறவர்களுக்கு இது அன்றாடப் பொருள். ஓடுகிற நிரலை 'இந்த வரியில் நில்' என்று நிறுத்தலாம்; 'ஓரடி நட' என்று நடத்தலாம்; 'இதன் மதிப்பைக் காட்டு' என்று கேட்கலாம்; 'சரி, தொடர்ந்து போ' என்று விடலாம். எல்லாம் விசைப்பலகையில் தட்டும் குறுங்கட்டளைகள். நம் இலக்கணக்காரர்கள் பார்த்தால் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். தொல்காப்பியம் பேசும் 'வழு'தான் இன்று கணினிப் பிழைக்குத் தமிழ்ப் பெயர். வழுவானாலும் பரவாயில்லை, ஏற்றுக்கொள்வோம் என்பதற்கு 'வழுவமைதி' என்றொரு சொல்லையும் வைத்திருந்தார்கள். மென்பொருள் கொம்பனிகள் அதைத்தான் 'இது பிழையல்ல, வசதி' என்று நீட்டி முழக்குகின்றன. தமிழில் வினையின் வேர்ச்சொல்லே ஏவலும் ஆகும் என்பது இன்னொரு வசதி. வா, போ, நில். இதற்கு மேல் சுருக்க ஒன்றுமில்லை. நன்னூலார் வினைப்பகுதிகளுக்கு மாதிரியாக அடுக்கும் இருபத்துமூன்றில் முதலாவது 'நட'. வழுநீக்கியில் அடிக்கடி தட்டப்படும் கட்டளையும் அதுவே.

கட்டளை ஏன் சுருங்குகிறது? முதல் காரணம் காசு. தந்தியில் சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம். ஆகவே வணிகர்கள் ஒரு முழு வாக்கியத்தை ஒரே சொல்லுக்குள் அடைக்கும் குறியீட்டுப் புத்தகங்களை வாங்கினார்கள். 1873இல் வெளியான கிளவுசன் தூவின் 'ஏபிசி' குறியீட்டு நூல் அவற்றில் பேர்போனது. சொல் குறையக் குறையக் காசு மிச்சம். ஆனால் சொல் குறையக் குறைய அதிலுள்ள ஒவ்வொரு எழுத்தின் தலையிலும் பாரம் ஏறுகிறது. அது சறுக்கினால் என்ன ஆகும் என்பதை பிலடெல்பியாவின் கம்பளி வியாபாரி பிராங்க் பிரிம்ரோஸ் 1887இல் கண்டார். கான்சாஸிலிருந்த தன் முகவருக்கு அவர் அனுப்பிய தந்தியில் 'பே' என்றொரு சொல் இருந்தது. குறியீட்டுப்படி 'வாங்கிவிட்டேன்' என்று பொருள். வழியில் அது 'பை' ஆயிற்று. அந்த 'பை'யைச் சாதாரண ஆங்கிலமாகப் படித்தால் 'வாங்கு'. மோர்ஸ் முறையில் இரண்டுக்கும் வேறுபாடு ஒரே ஒரு புள்ளி. முகவர் கம்பளியை வாங்கிக் குவித்தார். இருபதாயிரம் டொலருக்கு மேல் நட்டம். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1894இல் தீர்ந்தது: பிரிம்ரோஸுக்குத் தந்திக் கட்டணமான 1 டொலர் 15 சதம் திரும்பக் கிடைக்கும், அவ்வளவுதான். மலிவான கட்டளைக்கு மலிவான நீதி.

பணம் போனால் சம்பாதிக்கலாம். உயிர் போனால்? 1874 செப்டெம்பரில் இங்கிலாந்தின் தோர்ப் என்ற இடத்தில் ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதின. இருபத்தைந்து பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். மூலகாரணம், பொறுப்பாளர் கையொப்பமிடாத ஒரு தந்திக் கட்டளை. அனுப்பக்கூடாத அது அனுப்பப்பட்டு, எதிர்முனை அதை நம்பி வண்டியை விட்டுவிட்டது. இதற்குப் பிறகுதான் எட்வர்ட் டயர் என்பவர் 1878இல் ஒரு வழி கண்டுபிடித்தார். கட்டளையைச் சொல்லாக அனுப்பாதே, பொருளாகக் கையில் கொடு. அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைந்த இரண்டு பெட்டிகள். உள்ளே வட்டத் தகடுகள். ஒரு தகடு வெளியே இருக்கும்போது இன்னொன்றை எந்தப் பெட்டியாலும் தர முடியாது. தகடு கையில் இருக்கும் சாரதிக்கே பாதை சொந்தம்.

1924இல் தண்டவாளம் பதுளையைத் தொட்டது. மலைநாட்டு ஒற்றைப் பாதையில் அந்தத் தகடும் நெடுங்காலமாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. தெமோதரைச் சுற்றையும் ஒன்பது வளைவுப் பாலத்தையும் படம் பிடிக்க வருகிறவர்கள், நிலையத்தில் வளையம் மாட்டிய தோற்பையைச் சாரதி கைமாற்றுவதையும் பார்த்திருப்பார்கள். உள்ளே இருப்பதுதான் அந்தத் தகடு, 'டேப்லட்'. இங்கே கட்டளைக்கு இலக்கணமே கிடையாது. தொட்டுப் பார்க்கக்கூடிய பெயர்ச்சொல் ஒன்றுதான். நெதர்லாந்தின் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1960களில், ஒரே நினைவகத்துக்கு இரண்டு நிரல்கள் அடித்துக்கொள்ளாமலிருக்க ஓர் ஏற்பாடு செய்தபோது, புகையிரதக் கைகாட்டியின் பெயரையே அதற்கு வைத்தார். அதன் இரு கட்டளைகளுக்கு மட்டும் 'பி', 'வி' என்று ஒற்றை எழுத்துகள். டச்சுச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. அதிலும் ஒன்று அவரே ஒட்டிச் செய்த சொல். உலகம் முழுதும் மாணவர்கள் டச்சு தெரியாமலே அதை மனனம் செய்தார்கள். சொல்லுக்குக் கட்டணம் வாங்கும் தந்தி அலுவலகம் அங்கே இல்லை. இருந்தும் கட்டளை சுருங்கியது. பழக்கம் காசை விட மலிவு.

வழுநீக்கியின் பிறப்பு அமெரிக்காவின் எம்ஐடியில். 1950களின் கடைசியில், டிஎக்ஸ்-0 என்ற கணினிக்கு அங்கிருந்தவர்கள் எழுதிய வழுநீக்கியின் பெயர் 'ஃப்ளிட்'. பூச்சிமருந்து அடிக்கும் ஃப்ளிட் பம்பு பழைய வீடுகளில் மூட்டைப்பூச்சிக்கு எமனாக இருந்ததே, அதே ஃப்ளிட். கணினிப் பிழைக்கு ஆங்கிலத்தில் 'பூச்சி' என்று பெயர், பூச்சிக்கு மருந்து. அடுத்து 1961இல் பிடிபி-1 கணினிக்கு ஆலன் கோட்டக் எழுதியதன் பெயர் இன்னும் வீரியமானது: 'டிடிடி'. இலங்கையில் அந்த மூன்றெழுத்தைத் தெரியாத தலைமுறை கிடையாது. 1934, 35இல் ஏறத்தாழ எண்பதாயிரம் பேரைக் கொன்ற மலேரியாவை, 1946க்குப் பின் வீட்டுச் சுவரெல்லாம் டிடிடி அடித்து விரட்டினார்கள். 1963இல் தீவு முழுவதற்கும் பதிவான நோயாளிகள் 17 பேர். வெற்றி என்று மருந்தைக் குறைத்தார்கள். ஐந்தே வருடத்தில் நோயாளிகள் இலட்சக்கணக்கில் திரும்பினார்கள். பிழை போய்விட்டது என்று கோப்பை மூடிய எந்த நிரலாளருக்கும் இந்தக் கதை புதிதாக இருக்காது.

கணினி டிடிடியில் கட்டளை எப்படி இருந்தது என்பதுதான் சுவாரசியம். நினைவகத்தின் முகவரியைத் தட்டி, பின்னால் ஒரு சாய்கோட்டைத் தட்டினால், அங்கே என்ன இருக்கிறது என்று இயந்திரம் உடனே அச்சிடும். '100/' என்றால் 'நூறாம் அறையைத் திற'. முதலில் இடம், கடைசியில் வினை. எழுதியவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் வினை வந்தவுடன் வாக்கியம் முடிந்துவிட்டது என்று இயந்திரத்துக்குத் தெரிந்துவிடுகிறது. அதன் பிறகு காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ் வாக்கியம் வேலை செய்வதும் இப்படித்தான்.

யுனிக்ஸ் இயங்குதளத்தைச் செய்தவர்கள் அதை வாங்கி இன்னும் இறுக்கினார்கள். அவர்களிடம் இருந்தது டெலிடைப் மாடல் 33. விநாடிக்குப் பத்து எழுத்து அச்சிடும், விசை ஒவ்வொன்றையும் அம்மியில் அரைப்பதுபோல் அழுத்த வேண்டும். விரல் வலித்தால் சொல் சுருங்காமல் என்ன செய்யும்? 'கிரியேட்' என்ற சொல்லின் கடைசி எழுத்தைக்கூட விழுங்கிவிட்டார்கள். யுனிக்ஸை மறுபடி எழுதினால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டபோது அந்த எழுத்தைத் திருப்பி வைப்பேன் என்றார் அவர்களில் ஒருவரான கென் தாம்சன். ஸ்டீவ் போர்ன் அங்கே எழுதிய வழுநீக்கி 'ஏடிபி'. அதில் 'மெயின்' என்ற பகுதியில் நிரலை நிறுத்த 'மெயின்:பி' என்று தட்ட வேண்டும். 'மெயினில் நில்' என்பதன் நேரடி வடிவம். ஃபெர்குசனின் புத்தகத்தில் சேர்த்திருந்தால் யாரும் வித்தியாசம் கண்டிருக்கமாட்டார்கள். வரிசை நம்முடையது, தெளிவு மட்டும் இல்லை. முக்காற்புள்ளியோடு 'சி' என்றால் தொடர். டொலர் குறியோடு அதே 'சி' என்றால் நிரல் எந்த வழியாக இங்கே வந்தது என்ற வரலாறு. குறி ஒன்று மாறினால் பொருள் தலைகீழ். பிரிம்ரோஸின் புள்ளி வேறு வேடத்தில் வந்துவிட்டது.

இன்னொரு பக்கம் நகல்காரர்கள் புறப்பட்டார்கள். கேரி கில்டால் தன் சிபிஎம் இயங்குதளத்துக்கு ஒரு வழுநீக்கி செய்து அதற்கும் 'டிடிடி' என்றே பெயர் வைத்தார். கட்டளைகள் ஒற்றை எழுத்துகள். 1980இல் சியாட்டில் நகரில் டிம் பேட்டர்சன் அதே பாணியில் 86-டொஸ் என்ற இயங்குதளத்துக்கு 'டீபக்' என்றொன்றை எழுதினார். அடுத்த வருடம் மைக்ரோசொஃப்ட் அந்த இயங்குதளத்தை வாங்க, டீபக் உலகத்துக் கணினிகளிலெல்லாம் குடியேறியது. நகல் என்றால் முழு நகலும் இல்லை. கில்டாலிடம் 'எல்' என்றால் நிரலைப் பட்டியலிடு. பேட்டர்சனிடம் 'எல்' என்றால் வட்டிலிருந்து ஏற்று. 'எஸ்' அங்கே மதிப்பை மாற்று, இங்கே தேடு. பழகிய வீட்டில் விளக்கு விசையை இடம் மாற்றி வைத்தது போல.

தெளிவு வேண்டும் என்று நினைத்தவர்கள் கலிபோர்னியாவின் பெர்க்லியில் இருந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் மார்க் லின்டன் எழுதிய 'டிபிஎக்ஸ்' முழுச் சொற்களைப் பேசியது. இந்த வரியில் நிறுத்து, இந்தப் பகுதிக்குள் நிறுத்து என்று வேற்றுமை உருபுக்கு ஈடான சொல்கூடப் போட்டுச் சொல்லலாம். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986இல் ஜிடிபியை எழுதினார். அங்கே வரிசை முழுக்க ஆங்கிலமாகிவிட்டது: 'பிரேக் மெயின்'. நில், எங்கே என்றால் மெயினில். ஃபெர்குசன் சின்னத் துரைகளுக்கு எதை மறக்கச் சொன்னாரோ அது திரும்பி வந்து அரியணை ஏறியது.

ஜிடிபி இரண்டு நல்ல காரியம் செய்தது. முழுச்சொல்லைக் கற்றுக்கொள், பழகியபின் முதலெழுத்தை மட்டும் தட்டு என்றது. கட்டளையே இல்லாமல் வெறும் என்டர் விசையைத் தட்டினால் முன்பு சொன்னதையே மறுபடி செய் என்று எடுத்துக்கொண்டது; நட, நட, நட என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு குறை மட்டும் எனக்கு உறுத்தும். 'ஸ்டெப்', 'நெக்ஸ்ட்' என்று இரண்டு கட்டளைகள். முதலாவது வழியில் வரும் பகுதிக்குள் இறங்கி நடக்கும். இரண்டாவது அதைத் தாண்டிப் போகும். சொற்களைப் பார்த்து யாரால் இதைக் கண்டுபிடிக்க முடியும்? 'இறங்கு', 'தாண்டு' என்று தேயிலை மலையில் நிரை மாறுகிற பெண்களைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் பெயர் வைத்திருப்பார்கள்.

ஒற்றை எழுத்துகளுக்கான சண்டை இன்னும் தீரவில்லை. 'பி' என்றால் டைக்ஸ்ட்ராவிடம் காத்திரு, எம்ஐடியின் டிடிடியில் தொடர்ந்து போ, ஜிடிபியில் அச்சிடு, மைக்ரோசொஃப்டின் விண்டிபிஜியில் ஓரடி தாண்டு. 'பிரேக்'கின் முதலெழுத்தையும் தமிழில் எழுதினால் அதுவும் 'பி'; இந்தக் கட்டுரையை எழுதும்போது நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பைதன் மொழியின் பிடிபியிலும் ஜிடிபியின் எழுத்துகள் பல உண்டு. விளைவு, 'சி' என்று மாறி ஒன்றுக்குப் பெயர் வைத்திருப்பவர் அதன் மதிப்பைப் பார்க்க 'சி' என்று தட்டினால், 'தொடர்' என்று புரிந்துகொண்டு நிரல் கைநழுவி ஓடிவிடும். முன்னால் ஓர் ஆச்சரியக்குறி போட்டால் நிரல் அங்கேயே நிற்கும். அரை மணி நேரம் காத்துப் பிடித்த வழு, ஓர் எழுத்தில் பறந்துபோவதைப் பார்த்த அனுபவம் எனக்கும் உண்டு.

ஆப்பிள் கொம்பனி 2010இல் எல்எல்டிபியை வெளியிட்டபோது இந்தக் குழப்பத்தையெல்லாம் கலைத்து, ஒரே விதி வைத்தது. முதலில் பெயர்ச்சொல், அடுத்து வினை, அதன் பின் விவரங்கள். 'பிரேக்பாய்ன்ட் செட்': நிறுத்தம் வை. ஏடிபி வந்து முப்பது வருடத்துக்கு மேல் கழித்துப் பொருள் மறுபடியும் வினைக்கு முன்னால் வந்து நின்றது. நீளம்தான் அதிகம். ஆகவே, பழைய கைகளுக்காக ஜிடிபியின் ஒற்றை எழுத்துகளையும் பின்வாசல் வழியாக அனுமதித்தார்கள். பலர் பின்வாசலையே பாவிக்கிறார்கள்.

தமிழிலேயே கட்டளை எழுதினால்? முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' நிரல்மொழியில் இரண்டு வரிசையும் ஒரே கூரையின் கீழ் வாழ்கின்றன. 'பதிப்பி' என்ற வினை ஆங்கிலம்போல் முன்னால் வருகிறது. 'ஆனால்' என்பது நிபந்தனையைச் சொன்ன பிறகு, தமிழாகப் பின்னால் வருகிறது. வழுநீக்கி ஒன்றைத் தமிழில் செய்தால் ஒற்றை எழுத்துச் சண்டையும் அடங்கும் என்று எனக்கொரு நப்பாசை. நிறுத்து, நட, தொடர், தாண்டு, காட்டு. முதலெழுத்துகள் நி, ந, தொ, தா, கா. ஐந்தும் வேறு வேறு. உயிரும் மெய்யும் சேர்ந்த எழுத்து, இருபத்தாறு எழுத்துக்காரர்களுக்கு இல்லாத சொத்து. வேண்டுமானால் 'ங்க' சேர்த்து 'நில்லுங்க' என்றும் சொல்லலாம். சிரிக்க வேண்டாம். 1972இல் பிரின்ஸ்டன் மாணவர்கள் இருவர் கேலிக்காகச் செய்த இன்டர்கால் என்ற மொழி, போதிய அளவு 'தயவுசெய்து' போடாத நிரலை ஏற்காது. அளவுக்கு மிஞ்சிப் பணிந்தாலும் தள்ளிவிடும்.

1970களில் தோட்டங்களை அரசு எடுத்தது. 1992இல் நிர்வாகத்தைக் கொம்பனிகளிடம் கொடுத்தது. ஸ்கொட்லாந்துத் துரைமார் போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஆனால் காலையில் ஆள் கூடுவது இன்னும் 'பெரட்டு'தான். பட்டாளத்துப் 'பரேட்' தேய்ந்து தேய்ந்து தமிழாகிப்போன சொல். ஜிடிபியின் 'பி'யும் அந்தச் சாதிதான். வலித்த விரல்களும் டெலிடைப்பும் போய்விட்டன, சுருக்கம் போகவில்லை.

பதுளையில், பசறை வீதியில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005இல் தொடங்கியது. கணினி படிக்க நாடெங்கிலுமிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். மடுல்சீமை, லுணுகலைப் பக்கத்து லயங்களிலிருந்து வருகிற பிள்ளைகளும் உண்டு. அந்த மாதிரிப் பிள்ளை ஒருத்தி ஜிடிபியைத் திறந்து உட்கார்ந்தால், விரல் தட்டுவது 'பிரேக் மெயின்'. பக்கத்தில் இருக்கும் தோழி என்ன செய்கிறாய் என்று கேட்டால், திரும்பிப் பார்க்காமலே வாய் சொல்லும்: "மெயின்ல நிப்பாட்டுறன்."